வீட்டோர மரமும் குளத்தின் காவலும்

(மன்னார் மாவட்டத்தில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



கட்டுக்கரைக் குளத்தை நம்பி வாழும் மக்கள் முன்னிலையில் மரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். மரத்தின் அருமையை உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டிய தேவை எமக்கில்லை. அருவியாற்று நீர் தேக்கம் அணையில் மறிக்கப்பட்டு, வாய்க்கால் வழியே வந்து இக்குளத்தை நிறைக்கின்றது. அந்நீரைக் காப்பவை கரைகளில் நிற்கும் மரங்களே. குளத்தின் மேற்புறத்து மரவரிசை காற்றின் வேகத்தைத் தணித்து, நீர் ஆவியாவதைக் குறைக்கின்றது. கட்டின் கீழ்ப்புறத்துத் தோப்பு, கசிந்து வரும் நீரிலுள்ள உப்பு வயலை அடையாமல் தடுக்கின்றது. 1954ஆம் ஆண்டில் இக்குளம் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அதனை நாம் வரவேற்கின்றோம்.

ஆயினும், இன்று நாம் பேச வந்தது மற்றொரு மரத்தைப் பற்றியது. வீட்டுக் கூரைக்கு மேலே சாய்ந்து நிற்கும் மரம் அது. மாரிகாலத்து இரவில் காற்று எழும்பும்போது, தாயானவள் பிள்ளைகளை எழுப்பி மறு அறைக்குக் கொண்டுபோவதற்குக் காரணமான மரம் அது. அதனை வெட்டினால் வழக்கு வருமோ என்று ஓர் அச்சம்; வெட்டாது விட்டால் உயிர் போகுமோ என்று மற்றோர் அச்சம். இவ்விரு அச்சங்களுக்கும் இடையில் ஒரு குடும்பத்தை ஆண்டுக்கணக்காக நிறுத்தி வைப்பது நீதியாகுமா? இதுவே நமது கேள்வி.

காற்று நமக்குப் புதியதன்று

1964ஆம் ஆண்டு மார்கழியில் வீசிய சூறாவளி மன்னாரையும் தனுஷ்கோடியையும் என்ன பாடு படுத்தியது என்பதை மூத்தோர் அறிவர். 1978 கார்த்திகையில் மட்டக்களப்பும், 2000 மார்கழியில் திருகோணமலையும் அடிபட்டன. 2020 மார்கழியில் புரெவி வடபகுதியைக் கடந்தது. இவையெல்லாம் வடகீழ்ப் பருவமழைக் காலத்திலேயே வந்தன. மண் நீரில் ஊறி, வேரின் பிடி தளர்ந்திருக்கும் வேளையில் காற்றும் சேர்ந்துகொள்கின்றது. ஈரம் நிறைந்த தாழ்நிலத்தில் வேர் ஆழம் போவதில்லை; மேலோடு பரவியே நிற்கும். ஆகவே, குளத்தோரத்து மரம் மேட்டுநிலத்து மரத்திலும் எளிதாகச் சாயும்.

இதனோடு இன்னொரு காரணமும் உண்டு. போரினால் இடம்பெயர்ந்தோர் 2009இன் பின்னர் தம் காணிகளுக்குத் திரும்பியபோது, ஆளில்லாத ஆண்டுகளில் அங்கே காடு மண்டியிருந்தது. வீட்டுக்கு இடம் வெளியாக்கினர். நிழலுக்காக ஒன்றிரண்டு மரங்களை விட்டனர். கூட்டமாக நின்று ஒன்றுக்கொன்று காற்றை மறித்து வளர்ந்த மரம், தனித்து விடப்பட்டால் காற்றின் முழு வேகத்தையும் தானே ஏற்கவேண்டியதாகும். அத்திவாரம் வெட்டும்போதும் கிணறு தோண்டும்போதும் அதன் வேரும் அறுபட்டிருக்கும். குற்றம் மரத்தினதுமன்று, மக்களினதுமன்று. ஆனால் ஆபத்து மெய்யானது.

எது ஆபத்தான மரம்?

ஆபத்து என்ற சொல்லைக் கவனமாகக் கையாள வேண்டும். சருகு கொட்டுகின்ற மரம் ஆபத்தான மரமன்று. வௌவால் தங்கும் மரமும், நெற்காயவிடும் முற்றத்துக்கு நிழல் விழுத்தும் மரமும் ஆபத்தானவையல்ல. பிறந்த நாள் முதல் சாய்ந்தே வளர்ந்த மரம் பெரும்பாலும் அச்சாய்வைத் தாங்குதற்கேற்ப வேர்விட்டிருக்கும். அண்மையில் சாயத் தொடங்கிய மரமே அஞ்சத்தக்கது. சாய்வுக்கு எதிர்ப்புறத்தில் நிலம் வெடித்தோ மேலெழுந்தோ இருந்தால், அம்மரத்தின் கீழே ஒரு நாளும் தங்கலாகாது.

அடிமரத்தில் காளான் முளைத்திருப்பது உள்ளே உக்கல் உண்டென்பதற்கு அறிகுறி. இரு கவர்களும் ஒரே பருமனாய் நெருங்கி, நடுவே பட்டை உட்புதைந்திருந்தால், அக்கவர் பிளக்கக்கூடும். பட்டுப்போன கொப்பு காற்றில்லாத நாளிலும் விழும். பொந்து இருப்பதனால் மட்டும் மரம் விழுந்துவிடாது. சுற்றியுள்ள நல்ல வைரத்தின் தடிப்பே முக்கியம். அத்தடிப்பு அடிமரத்து ஆரையின் மூன்றிலொன்றுக்குக் குறைந்திருந்தால் எச்சரிக்கை வேண்டும் என்பது மரநூலார் கைக்கொள்ளும் பொதுக்கணக்கு.

இறுதியாக, மரம் விழுந்தால் எதன்மேல் விழும் என்று பார்க்கவேண்டும். குளத்தினுள் விழுமானால் அதனை விட்டுவிடலாம். உறங்கும் அறைமேல் விழுமானால் விடமுடியாது. ஒரே நோயுள்ள இரண்டு மரங்களுக்கு இரண்டு தீர்ப்புகள் உண்டென்பதற்கு இதுவே காரணம்.

வெட்டுதல் கடைசி வழி

பட்ட கொப்புகளை அகற்றி, கூரைப்பக்கத்துப் பாரத்தைக் குறைத்தாலே பல மரங்கள் ஆபத்து நீங்கி நிற்கும். பெருங்கொப்பை ஒரே வெட்டில் வீழ்த்தினால் அது அடிமரத்துப் பட்டையையும் கிழித்துக்கொண்டு போகும். முதலில் கீழ்ப்புறத்தில் ஒரு வெட்டு, சற்று அப்பால் மேற்புறத்தில் ஒரு வெட்டு, பின்னர் எஞ்சிய கட்டையைக் கழுத்தோரமாக ஒரு வெட்டு என்பதே முறை. மரத்தின் தலையை மொட்டையடித்தல் பெருந்தவறு. வெட்டுவாய் உக்கும், சுற்றிலும் பலமற்ற துளிர்கள் எழும்பும், சில ஆண்டுகளில் முன்னையிலும் பெரிய ஆபத்து வந்து சேரும். மின்கம்பிக்கு அண்மையில் நிற்கும் மரத்தில், மின்சாரத்தை நிறுத்துவிக்காமல் எவரும் கைவைத்தல் ஆகாது.

வீழ்த்தியே ஆகவேண்டிய மரத்தையும் முழுதாக அழிக்க வேண்டியதில்லை. வீட்டை எட்டாத உயரத்துக்கு அடிமரத்தை விட்டுவைத்தால் கிளியும் ஆந்தையும் அதன் பொந்துகளில் வாழும். குளக்கட்டில் நிற்கும் மருதுக்கோ தனிக் கவனம் வேண்டும். அதனை வெட்டிவிட்டால் வேர்கள் கட்டினுள்ளே உக்கி வெறுங்குழாய்களாகும். அவ்வழியே நீர் புகுந்து கட்டையே உடைக்கலாம். நீர்ப்பாசனப் பொறியியலாளர் பார்க்காமல் குளக்கட்டு மரத்தைத் தொடலாகாது.

இவ்வேலைக்குரிய காலம் ஆடியும் ஆவணியுமாகும். மண் இறுகியிருக்கும், நாரையும் கொக்கும் மாரி மழைக்குப் பின்னரே கூடுகட்டும். எனினும் ஏறுவதற்கு முன் பொந்தையும் கவரையும் பார்த்தல் வேண்டும். சரணாலயத்தில் கூட்டையும் முட்டையையும் அழித்தல் குற்றமாகும்.

சட்டம் என்ன சொல்கின்றது?

1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் தேசிய பூங்காவையும் சரணாலயத்தையும் ஒன்றாகக் கொள்ளவில்லை. சரணாலய எல்லைக்குள் தனியார் காணியும் அடங்கலாம். ஆனால், அரச காணியில் நிற்கும் மரத்தை அனுமதியின்றி வெட்டலாகாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைச் சொந்த வளவில் வெட்டுதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். மறுபுறத்தில், விழுந்து அயலவருக்கோ வழிப்போக்கருக்கோ தீங்கு செய்யக்கூடிய மரத்தை அகற்றுமாறு அல்லது முட்டுக்கொடுக்குமாறு ஆணையிட நீதவானுக்கு அதிகாரமுண்டு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை அவ்வதிகாரத்தை அளிக்கின்றது.

சட்டம் இல்லாமையன்று நமது குறை. கதவுகள் பலவாயிருப்பதே குறை. கிராம அலுவலரிடம் தொடங்கி, பிரதேச செயலகம், வனசீவராசிகள் திணைக்களம், நீர்ப்பாசனத் திணைக்களம் என்று ஒரு கூலித்தொழிலாளி எத்தனை நாட் கூலியை இழந்து அலைவது? வடக்கு கிழக்கின் நிர்வாகமொழி தமிழென்று 1988ஆம் ஆண்டின் பதினாறாவது அரசியலமைப்புத் திருத்தம் கூறுகின்றது. அப்படியிருக்க, தனக்கு விளங்காத மொழியில் வரும் பதிலை அவர் யாரிடம் கொண்டுபோய் வாசிப்பிப்பது?

நாம் கேட்பதும் நாம் கொடுப்பதும்

ஆதலால் அரசினரிடம் நாம் கேட்பவை நான்கு. விண்ணப்பத்தைப் பிரதேச செயலகமாகிய ஒரே இடத்தில் ஏற்கவேண்டும். மற்றைத் திணைக்களங்களை அதுவே அழைக்கட்டும். ஆனியில் கொடுத்த விண்ணப்பத்துக்கு ஆவணி முடியுமுன் முடிவு வரவேண்டும். மறுப்பதாயின் காரணத்தைத் தமிழில் எழுதித் தரவேண்டும். சாய்ந்துகொண்டிருக்கும் மரமாயின் அன்றே வந்து பார்க்க ஓர் உத்தியோகத்தர் பொறுப்பாக வேண்டும்.

உரிமையைக் கேட்கும் நாம், கடமையையும் ஏற்போமாக. ஆபத்து என்று எழுதிக் கொடுத்து முதிரையையும் பாலையையும் வண்டியேற்றுவோர் நம்மிடையிலும் உண்டு. ஒரு பொய் விண்ணப்பம் பத்து மெய் விண்ணப்பங்களைச் சந்தேகத்துக்கு உள்ளாக்குகின்றது. உத்தியோகத்தர் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணமென்பதை நாம் மறைக்கலாகாது. இதற்கு ஒரே மருந்து, மரத்தின் விலையை ஆபத்திலிருந்து பிரித்துவிடுதலாகும். ஆபத்தென்று வீழ்த்தப்படும் மரத்தின் பலகை, விண்ணப்பித்தவருக்கோ வெட்டுவிப்பவருக்கோ போகாமல் ஊர்ப் பாடசாலைக்கோ பொதுமண்டபத்துக்கோ போகட்டும். இலாபம் நீங்கினால் பொய்யும் நீங்கும். எஞ்சுவது பிள்ளையின் உயிரைப்பற்றிய உண்மையான கவலை மட்டுமே.

அதுமட்டுமன்று. கமக்கார அமைப்புகள் ஆண்டுதோறும் ஆடியில் வீடு வீடாகச் சென்று மரங்களைப் பார்த்து ஏட்டிற் பதியட்டும். ஒரு மரம் வீழ்ந்தால் மூன்று மருதங்கன்றுகள் நாட்டப்படட்டும். வளர்ந்து முற்றும் உயரத்திலும் கூடுதலான தூரம் வீட்டுக்கும் கன்றுக்கும் இடையில் இருக்கட்டும். இன்று நாம் தூரம் பார்த்து நாட்டினால், நம் பேரப்பிள்ளைகள் இதே முறைப்பாட்டைத் தூக்கிக்கொண்டு கச்சேரி வாசலில் நிற்கமாட்டார்கள்.

குளத்தைக் காப்பதற்காகக் குடியானவனின் கூரையைக் கைவிட வேண்டியதில்லை. கூரையைக் காப்பதற்காகக் குளத்தின் காவலை அழிக்கவேண்டியதுமில்லை. அடுத்த மாரிக்கு முன் உங்கள் முற்றத்து மரத்தை ஒருமுறை சுற்றிவந்து அதன் அடியைப் பாருங்கள். கண்டதை உள்ளபடி எழுதிக் கொடுங்கள். அவ்வெழுத்துக்கு உரிய காலத்தில் பதில் வரச்செய்வது நம் எல்லோருடைய பொறுப்பாகும்.