பாட்டு நம்முடையதாம்! காசு யாருடையது?

மருதமுனையிலிருந்தும் பாண்டிருப்பிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் வந்திருக்கும் இசை வெறியர்களே, பின்வரிசையில் இருக்கும் தாய்மார்களே! 

எனக்கு முன்னர் பேசிய தம்பி ஒரு போடு போட்டார். "1976இல் 'அன்னக்கிளி' வந்த நாள் தொட்டு இந்தப் பாட்டுகளைத் தூக்கி வளர்த்தவர்கள் நாங்கள். எங்கள் பாட்டுக்கு இளையராஜா எப்படிக் காசு கேட்கலாம்?" என்றார். கூரை அதிரக் கை தட்டினீர்கள். நானும் ராஜா பைத்தியம்தான். ஆனால் அந்தக் கைதட்டலில் நான் சேரவில்லை.

நாம் எப்படி வளர்த்தோம் என்று கொஞ்சம் கணக்குப் பார்ப்போமா? எண்பதுகளில் நம் பஜாரில் ரெக்கோடிங் பார் இருந்தது. கொப்பித் தாளைக் கிழித்துப் பாட்டு லிஸ்ட் எழுதி, வெற்றுக் கசெட்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வருவோம். ஏ பக்கம் காதல், பீ பக்கம் சோகம். கடைக்காரருக்குச் சல்லி போனது. கசெட் செய்த ஜப்பான்காரனுக்கும் போனது. மெட்டுப் போட்டவருக்கும் வரி எழுதியவருக்கும் ஒரு சதம் போனதா? இதற்குப் பெயர் வளர்ப்பாம்!

சட்டத்துக்கு வருகிறேன். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்துப் பாட்டுப் போட வைத்த தயாரிப்பாளர்தான் முதல் சொந்தக்காரராக இருந்தார். 1977இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. தயாரிப்பாளர் அந்த உரிமையை இசைக் கம்பனிக்கு விற்றார். பிறகு கம்பனிக்குக் கம்பனி கை மாறியது. 2012இல்தான் சட்டம் திருந்தியது: எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கைக் கம்பனிக்கு எழுதிக் கொடுக்க நினைத்தாலும் இனி முடியாது. அதற்காக மாநிலங்களவையில் மல்லுக்கட்டியவர் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர். ராஜாவின் பாட்டுகளில் பெரும்பகுதி அதற்கு முந்தியது. எக்கோ என்ற இசைக் கம்பனியோடு 4,500க்கு மேற்பட்ட பாட்டுகளுக்காக அவர் நீதிமன்றப் படி ஏறியதன் வேர் அங்கே இருக்கிறது.

'மஞ்ஞுமல் பாய்ஸ்' படம் பார்த்தீர்கள்தானே? குழிக்குள் விழுந்தவனை நண்பன் மேலே கொண்டு வருகிறான். 1991இல் வந்த 'குணா' படத்துக் கடிதப் பாட்டு அந்த இடத்தில் எழும்புகிறது. மயிர்க்கூச்செறியாதவர் யார்? 2024இல் ராஜா நோட்டீஸ் அனுப்பினார். உரிமை வைத்திருந்த கம்பனிகளிடம் முறையாக வாங்கிவிட்டோம் என்றார்கள் தயாரிப்பாளர்கள். இருக்கலாம். அப்படியானால் அழ வைத்தவருக்கு என்ன கிடைத்தது? 2025இல் அஜித்தின் 'குட் பேட் அக்லி'க்கும் இதே கதை. அங்கே சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையே போட்டது. அப்போதும் நம் பிள்ளைகள் ராஜாவைத்தான் திட்டினார்கள். கம்பனிக்காரன் நம் அன்பின் பின்னால் ஒளிந்துகொண்டு சிரிக்கிறான், தம்பிமாரே!

ராஜா செய்ததெல்லாம் சரி என்று நான் வக்காலத்து வாங்கவில்லை. 2017இல் அமெரிக்காவில் பாடிக்கொண்டிருந்த எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் கையில் வக்கீல் நோட்டீஸைக் கொடுத்தது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை. டிக்கட் விற்றவனிடம் கேட்டிருந்தால் போதாதா? அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. வரி இல்லாமல் பாட்டு ஏது, பாடலாசிரியரும் உரிமை கேட்டால் என்ன ஆகும் என்று 2024இல் எக்கோ வழக்கில் நீதிபதிகளே கேட்டார்கள். அந்தக் 'குணா' பாட்டை எழுதிய வாலிக்குப் பங்கில்லையா? 'பாவ மன்னிப்பு' படத்தில் டி.எம்.எஸ்ஸும் நாகூர் ஹனீபாவும் பாடிய பாட்டு ஒலிக்காமல் நமக்குப் பெருநாள் ஏது? ஹனீபாவைத் தெரியும். எழுதியவர் கண்ணதாசன் என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? கையை உயர்த்துங்கள் பார்ப்போம்!

சரி, நம் முற்றத்துக்கு வருவோம். வயலிலும் வாசலிலும் நம் உம்மம்மாமார் பாடிய கவிகளை நிந்தவூர் முத்துமீரான் ஊர் ஊராகத் தேடித் தொகுத்தார். நாளை ஒரு சினிமாக்காரன் அதில் ஒன்றை உருவிக்கொண்டு போய், கிழக்கிலங்கை என்ற பெயர்கூடப் போடாமல் கோடி சம்பாதித்தால் இந்த மண்டபம் பொறுக்குமா? "ரசித்துத்தானே எடுத்தோம்" என்று அவன் சொன்னால் விடுவீர்களா? நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலைக்கும் காப்புக் கொடுக்கிறது. பாட்டுக் கட்டியவருக்கோ ஆயுள் முழுக்கவும், இறந்த பிறகு இன்னும் 70 வருடமும் உரிமை. நமக்கொரு நியாயம், ராஜாவுக்கொரு நியாயமா?

ஆட்டோவில் பாட்டுப் போடுகிறவனிடமோ, தொட்டிலாட்டும் தாயிடமோ யாரும் காசு கேட்கவில்லை. டிக்கட் அடித்து மேடை போடுகிறவர்களிடம்தான் கேட்கிறோம். முன்வரிசையில் இருக்கும் ஏற்பாட்டாளர்களே, உங்களைத்தான்! ஒலியமைப்புக்குச் சல்லி கொடுக்கிறீர்கள், ஜெனரேட்டருக்கும் கொடுக்கிறீர்கள். பாட்டு மட்டும் இனாமா? அதற்கும் கணக்கில் ஒரு வரி ஒதுக்குங்கள். இலங்கை வானொலியில் அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீதைக் கேட்டு வளர்ந்த காதுகள் இவை. பாட்டுக்கு முன்னால் எழுதியவர் பெயரையும் இசையமைத்தவர் பெயரையும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அடுத்த நிகழ்ச்சியில் டிக்கட் வாங்கிக்கொண்டு நானே முன்வரிசையில் வந்து இருப்பேன். ஒவ்வொரு பாட்டுக்கும் எழுந்து நின்று கேட்பேன்.