வீரம் மட்டும் போதுமா?



கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நீளும் கடற்கரையூர்களில், பெண்கள் திரைப்படம் பார்ப்பது இன்று பெரும்பாலும் கைத்தொலைபேசியின் சிறு திரையிலேயே. இராச் சாப்பாடு முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பின்னர், தாயும் மகளும் சேர்ந்திருந்து பார்க்கும் இரண்டு மணி நேரம் அருமையானது. அந்நேரத்தைப் பெற்றுக்கொள்ளும் படம் ஈடாக எதையேனும் தந்தாக வேண்டும். 2022 டிசம்பர் 30ஆம் திகதி வெளியான 'ராங்கி' அவ்வாறு தந்ததா என்பதே இப்பேச்சின் பொருள்.

ஏ.ஆர். முருகதாஸின் கதையை எம். சரவணன் இயக்கியிருக்கிறார். திரிஷா ஏற்றிருக்கும் பாத்திரம் தையல்நாயகி. இணைய ஊடகம் ஒன்றின் செய்தியாளர். எவருக்கும் அஞ்சாதவள், வாய்த்துடுக்கும் கைவலிமையும் உடையவள். அவள் வீட்டுப் பள்ளிச் சிறுமி சுஸ்மிதாவின் பெயரில் முகநூலில் பொய்க் கணக்கொன்று இருப்பது தெரியவருகிறது. அதன் வேரைத் தேடப் புறப்படுகிறாள் தையல்நாயகி.

தொடக்கம் நல்ல தொடக்கமே. ஒரு பெண்பிள்ளையின் முகத்தைத் திருடிப் பொய்க் கணக்குத் திறப்பது, மருதமுனையிலும் நிந்தவூரிலும் தாய்மார் அஞ்சும் கேடன்றோ? ஆனால், படம் அக்கேட்டை விரைவிலேயே கைவிட்டுவிடுகிறது. அக்கணக்கின் மறுமுனையில் வட ஆபிரிக்கப் போராளி இளைஞன் ஆலிம் இருக்கிறான். சிறுமியின் பெயரிலேயே தையல்நாயகி அவனோடு உரையாடுகிறாள். அவன் நம்பிச் சொன்னவற்றைச் செய்தியாக்குகிறாள். அவனோ அச்சொற்களின் மீது அன்பு கொள்கிறான்.

நேயர்களே, படத்தின் உயிர் இங்கேதான் இருந்தது. உண்மையைத் தேடுவதே தொழிலாகக் கொண்ட ஒருத்தி, பொய்ப் பெயரில் ஓர் இளைஞனின் நெஞ்சைத் திறக்கிறாள். அவன் நம்பிக்கை அவளுக்குச் செய்தியாகிறது. அச்செய்தியே அவனுக்கு ஆபத்தாகிறது. குற்றமும் இரக்கமும் ஒருங்கே வாட்டும் இம்மனநிலையை நடித்துக் காட்டத் திறமை வேண்டும். திரிஷாவிடம் அது உண்டு. '96' படத்தில், 2018இல், ஓரிரவுச் சந்திப்பின் துயரத்தை மௌனத்தாலும் பார்வையாலும் உணர்த்தியவர் அவர். 'ராங்கி'க்கு மூன்று மாதங்களுக்கு முன் வெளியான 'பொன்னியின் செல்வ'னில் குந்தவையாக வந்து, வாளேந்தாமலே அரசியலை நடத்திக் காட்டியவரும் அவரே.

அத்தகைய நடிகையிடம் இப்படம் கேட்டவை முறைப்பும் அடிதடியுமே. அவள் மனம் கலங்கும் வேளையில் அமெரிக்கப் புலனாய்வாளர் வந்துவிடுகின்றனர். அவள் முடிவெடுக்க வேண்டிய வேளையில் துப்பாக்கிகள் முழங்கத் தொடங்குகின்றன. சண்டைகள் பெருகப் பெருகப் பாத்திரம் சிறுத்துப்போகிறது. இதே இயக்குநர் 2011இல் 'எங்கேயும் எப்போதும்' என்ற படத்தில் எளிய பெண்களை எவ்வளவு உயிரோடு படைத்தார் என்பதை எண்ணும்போது ஏமாற்றம் இரட்டிப்பாகிறது.

பெண் சண்டையிடுவது தமிழ்த் திரைக்குப் புதுமையன்று. 1937ஆம் ஆண்டிலேயே 'மின்னல்கொடி'யில் கே.டி. ருக்மணி வீரசாகசம் புரிந்தார். 1990இல் வெளிவந்த 'கர்த்தவ்யம்' தெலுங்குப் படத்தில் பொலிஸ் அதிகாரியாக நடித்த விஜயசாந்தி தேசிய விருது பெற்றார், 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்.' எனத் தமிழுக்கும் அது வந்தது. அங்கே அடிக்கு முன்னே ஒரு காரணமும், காரணத்துக்குப் பின்னே ஒரு மனமும் இருந்தன.

நியாயமாகச் சொல்வதானால், ஆலிமை இப்படம் வெறும் கொடியவனாகக் காட்டவில்லை. வல்லரசுகளின் எண்ணெய் ஆசையையும் சுட்டுகிறது. ஆயினும் சுட்டியதோடு நின்றுவிடுகிறது. 2019 ஏப்ரல் 26ஆம் திகதி இரவு, சாய்ந்தமருதில் ஒரு வீட்டினுள் குண்டுகள் வெடித்துக் குழந்தைகளும் மாண்டதை இக்கரை மறக்கவில்லை. தீவிரவாதம் என்ற சொல், குற்றமறியாத எத்தனை வாசல்களில் சந்தேகமாக வந்து நின்றது என்பதையும் மறக்கவில்லை. ஓர் இளைஞன் ஏன் ஆயுதமெடுக்கிறான், அவனை எச்சொல் மீட்கக்கூடும் என்ற கேள்வி இவ்வூர்களுக்குக் கதைச் சுவையன்று, வாழ்வுக் கேள்வி. அதனைக் கேட்கத்தக்க ஒரே பாத்திரம் தையல்நாயகி. அவளுக்கோ பேசும் நேரம் தரப்படவில்லை.

மருதமுனை நெசவாளர் அறிவர்: நூல் எத்துணை உயர்ந்ததாயினும், ஊடும் பாவும் ஒழுங்காக இணையாவிடின் சேலை தேறாது. 'ராங்கி'யில் நூலுக்குக் குறைவில்லை; நெசவே பிழைத்தது. பெண்ணின் கைக்கு வலிமை கொடுத்துவிட்டால் அவளை உயர்த்தியாயிற்று என்று எண்ணும் படைப்பாளர்கள், அவள் தயங்கவும், தவறவும், வருந்தித் திருந்தவும் இடம் கொடுக்க வேண்டும். அந்த இடத்திலேதான் நடிப்பு பிறக்கிறது. சிறு திரையின் முன் அமர்ந்திருக்கும் தாய்க்கும் மகளுக்கும், படம் முடிந்த பின் பேசிக்கொள்ள ஒரு சொல்லும் பிறக்கிறது.