எதை விட்டுக் கொடுப்பது?



வென்ற கட்சிக்கு வீழ்ச்சி எங்கிருந்து வரும்? மாற்றானின் கோட்டையிலிருந்து என்பீர்கள். நான் கூறுவேன், விட்டுக் கொடுங்கள் என வேண்டும் நண்பனின் நாவிலிருந்தும் வரும். பதவி கேட்டுக் குவியும் விண்ணப்பங்களிலிருந்தும் வரும்! அமெரிக்க நாட்டிலே ஆபிரகாம் லிங்கன் இதனை அறிந்திருந்தார். செனட்டர் லைமன் டிரம்புலுக்கு அவர் தீட்டிய மடல்கள் அதற்குச் சான்று.

யார் இந்த டிரம்புல்? 1855-ஆம் ஆண்டுக்குச் செல்வோம். அந்நாளில் செனட்டர்களை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலச் சட்டசபைகளே தேர்ந்தெடுத்தன. இல்லினாய்ஸ் சட்டசபையின் முதற் சுற்றிலே லிங்கனுக்கு 40-க்கும் மேற்பட்ட வாக்குகள். டிரம்புலுக்கோ வெறும் 5! ஆனால் அந்த ஐவர் அசையவில்லை. சுற்றுகள் தொடர்ந்தன. எதிரணியின் ஆள் வென்றுவிடுவார் என்ற நிலை வந்தது. லிங்கன் தம் ஆதரவாளர்களிடம், என்னை விடுங்கள், டிரம்புலுக்கு வாக்களியுங்கள் என்றார். ஐந்துடன் தொடங்கியவர் அரியணை ஏறினார். நாற்பதுடன் தொடங்கியவர் வீடு திரும்பினார். விட்டுக் கொடுக்கத் தெரியாதவரா லிங்கன்? இல்லை!

1860 நவம்பர் 6. குடியரசுத் தலைவர் தேர்தலில் லிங்கன் வென்றார். பதவி ஏற்கும் நாளோ 1861 மார்ச் 4. இடைப்பட்ட நான்கு திங்கள், அவர் ஸ்பிரிங்ஃபீல்டிலே, டிரம்புல் வாஷிங்டனிலே. தென் மாநிலங்கள் பிரிந்து போவோம் எனப் பேசின. தலைநகரிலே சமரசக் குழு கூடிற்று. சொந்தக் கட்சியினரே சோர்ந்தனர்.

டிசம்பர் 10-ஆம் நாள் லிங்கன் எழுதினார். அடிமைமுறையைப் புதிய நிலங்களுக்குப் பரப்புவதில் சமரசமே கூடாது; இணங்கினால் நம் உழைப்பெல்லாம் வீண், மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரும்; மோதல் வந்தே தீரும், பின்னர் வருவதைவிட இப்போதே வருவது மேல். இதுவே அம்மடலின் சாரம்.

நண்பர்கள் சிலர் நாடிச் செல்லும் ஆபத்தான இடம் ஒன்று உண்டு என்றும் அதில் எச்சரித்தார். என்ன அது? இன்னும் மாநிலமாகாத மேற்குப் பகுதிகளிலே, அடிமைமுறை வேண்டுமா வேண்டாமா என்பதை அங்கே குடியேறியவர்களே முடிவு செய்யட்டும் என்பது! கேட்கும்போது சனநாயகம் போல இனிக்கிறதன்றோ? ஆனால் யாருடைய விலங்கைப் பற்றி யார் வாக்களிப்பது? விலங்கு பூண்டவன் கையிலே வாக்குச் சீட்டு உண்டா? இல்லையே! பூட்டியவனே வாக்காளன், பூட்டியவனே நீதிபதி!

பத்தே நாளில், டிசம்பர் 20-இல், தென் கரோலினா பிரிந்தது. லிங்கன் அசையவில்லை.

பதவி விஷயத்திலே? அங்கே அவர் வளைந்தார். பென்சில்வேனியாவின் சைமன் கேமரன் மீது ஊழல் பழி இருந்தது; அவருக்குப் பின்னே பெரிய மாநிலத்தின் பலமும் இருந்தது. அமைச்சர் பதவி தருவதாக லிங்கன் எழுதினார். சில நாளிலேயே திரும்பப் பெற்றார். டிரம்புல் எதிர்த்தார். 1861 சனவரி 7-ஆம் நாள் லிங்கன் அவருக்கு விடை எழுதினார்: நிதி இலாகா கேமரனுக்கு அளிக்கப்படவில்லை, திறமையும் உறுதியும் தூய்மையும் கொண்ட சேஸே அதற்கு உரியவர். ஆயினும் முடிவில் போர் இலாகா கேமரனுக்குக் கிடைத்தது! கொள்முதல் பற்றிக் கூக்குரல் எழுந்தது. 1862 சனவரியில் அவர் விலக நேர்ந்தது. டிரம்புலின் எச்சரிக்கை வீண்போகவில்லை. எனினும், தவறாக அமர்த்திய அமைச்சரை ஓராண்டில் அகற்றலாம். தவறாக நீட்டிய அடிமைச் சங்கிலியை எத்தனை தலைமுறையில் அகற்றுவது?

டிரம்புல் தலையாட்டிப் பொம்மை அல்லர். போர்க்காலத்திலே குடிமக்கள் விசாரணையின்றிச் சிறைப்பட்டபோது, எந்தச் சட்டப்படி என்று 1861 டிசம்பரில் சொந்தக் கட்சி ஆட்சியையே கேட்டார். அதே டிரம்புல்தான், நீதிக் குழுவின் தலைவராக, அடிமைமுறையை ஒழிக்கும் 13-ஆவது திருத்தத்தைச் செனட்டிலே கொணர்ந்தார். 1864 ஏப்ரல் 8: ஆதரவு 38, எதிர்ப்பு 6! 1865 டிசம்பரில் அது அரசியல் சட்டமாயிற்று. அதைக் காண லிங்கன் இல்லை, ஏப்ரலிலேயே கொலையுண்டார்.

விலை சிறிதன்று. ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட போர் அது. இன்னொன்றும் மறைக்க மாட்டேன்: 1860-இல் லிங்கன் கேட்டது பரவக்கூடாது என்பதே, இருக்கும் இடத்தில் உடனே ஒழிக்க அன்று அவர் முனையவில்லை. ஆயினும் அந்த ஓர் எல்லைக்கோட்டிலே அவர் வழுவாது நின்றதால்தான், அடுத்த அடி எடுத்துவைக்க இடம் இருந்தது.

தோழர்களே! 1855-இல் அவர் விட்டுக் கொடுத்தது தம் நாற்காலியை. 1860-இல் விட்டுக் கொடுக்கச் சொன்னார்கள், பிறன் விடுதலையை! என் பொருளை நான் ஈந்தால் அது தியாகம். பிறன் உரிமையை நான் ஈந்தால் அது வாணிபம்!

நாளை உம்மிடமும் சமரசம் பேச வருவர். கோபிக்க வேண்டாம், ஒன்று மட்டும் கேளுங்கள்: விட்டுக் கொடுக்கச் சொல்வது எதை? என் பதவியையா? எடுத்துக்கொள்! எளியவன் உரிமையையா? அது என்னுடையதன்று, கொடுக்க எனக்கு உரிமையில்லை!