மலைநகரில் ஒரு கடல்



கண்டி வாவியின் கரையில் நின்று மீன்களைப் பார்த்து வளர்ந்த சிறுவர்க்கு மீன்தொட்டி புதுமையன்று. ஆயின், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள இந்நகரில், உவர்நீர்த் தொட்டியமைத்து அதில் முருகைகளை வளர்ப்பது வேறு காரியம். அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். நான் செய்த பிழையொன்றிலிருந்து தொடங்குவதே நேர்மையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாடசாலை விஞ்ஞானக் கழக மாணவர்கள் அத்தகைய தொட்டியொன்றை ஆயத்தஞ் செய்தனர். பரிசளிப்பு விழா நெருங்கியது. நீரோ பளிங்குபோல் தெளிந்திருந்தது. “இன்னும் நாளாகவில்லை, சேர்” என்றான் ஒரு மாணவன். கேளாத அதிபர் நானே. பத்தாம் நாளில் மென்முருகைகள் இரண்டை அதில் வைத்தோம். விழாவன்று காலை அவை கூழாகிக் கிடந்தன. தெளிந்த நீரெல்லாம் உயிர்வாழத் தக்க நீரன்று என்பதை அன்று கற்றேன்.

காரணம் யாது? தொட்டியில் உணவும் கழிவும் அழுகும்போது அமோனியா என்னும் நஞ்சு தோன்றுகிறது. ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் நஞ்சே. வேறொரு வகை அதனைக் கேடு குறைந்த நைத்திரேற்றாக மாற்றும். கண்ணுக்குப் புலப்படாத இவ்வேலையாட்கள் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும். அதுவரை தொட்டியில் சிறிதளவு மீனுணவை மட்டும் இட்டு, நீரைச் சோதித்துவர வேண்டும். அமோனியாவும் நைத்திரைற்றும் தோன்றி, பின் இரண்டும் முற்றாக மறைந்த பின்னரே தொட்டி ஆயத்தம் எனலாம். அப்போதும் நீரில் ஒரு பகுதியை மாற்றுதல் நன்று.

இனி, கடல்நீரை ஆக்கும் முறையைக் கூறுவேன். நூறு இலீற்றருக்குக் குறையாத தொட்டி புதியவர்க்கு ஏற்றது. நீர் மிகுந்தால் மாற்றம் மெதுவாக நிகழும். குழாய் நீரிலுள்ள குளோரீன் பற்றீரியாவைக் கொல்லும். ஆதலால் நன்கு வடித்துத் தூய்மையாக்கிய நீரே வேண்டும். ஆனையிறவு உப்பும் புத்தளத்து உப்பும் கறிக்கு உகந்தவை; தொட்டிக்கு உதவா. கடல்நீரிலுள்ள கல்சியம், மகனீசியம் முதலியன உப்பளத்தில் பெரும்பாலும் பிரிந்துவிடுகின்றன; முருகைக்கோ அவை இன்றியமையாதன. எனவே, இதற்கென விற்கப்படும் கலவையுப்பை, இலீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம், வேறொரு பாத்திரத்தில் கரைத்தே ஊற்றுதல் வேண்டும்.

நீர் ஆவியாகும்; உப்பு ஆவியாகாது. கண்ணாடியில் ஒரு கோடிட்டு, நீர் குறைந்த அளவுக்கு நன்னீரையே நாடோறும் சேர்த்து வாருங்கள். வெப்பநிலை 25 அல்லது 26 பாகை செல்சியசில் நிலைக்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் கண்டியின் இரவுகள் 20 பாகைக்குக் கீழும் குளிர்வதுண்டு. ஆதலால் கொழும்பு வாசிகள் குளிரூட்ட வழி தேட, நாம் சூடாக்கியை நாடுகிறோம். முருகையின் உடலினுள் நுண்பாசிகள் வாழ்ந்து அதற்கு உணவளிப்பதால் ஒளியும் தேவை. அதனைச் சிறிது சிறிதாகக் கூட்டி, நாளுக்கு எட்டு மணி நேரமளவில் நிறுத்துக. காளான் முருகை, தோல் முருகை போன்ற மென்முருகைகள் தொடக்கத்துக்கு ஏற்றவை.

அவற்றை எங்கிருந்து பெறுவது? ஹிக்கடுவைக்குச் சுற்றுலா போய் உடைத்துவருவது பெருங்குற்றம். கன்முருகைகள் நம் நாட்டில் சட்டத்தின் பாதுகாப்புப் பெற்றவை. சுண்ணாம்புக்காக அகழ்ந்தும் நம் முருகைத் திட்டுகள் அழிந்தன. 1998 இல் கடல்நீர் வெப்பமுற்றபோது ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக் கடலிலும் முருகைகள் வெளிறிப் பெருமளவில் மாண்டன. எஞ்சியவற்றில் நாமும் கை வைக்கலாகாது. எவற்றை வளர்க்க அனுமதியுண்டென வனசீவராசிகள் திணைக்களத்தில் கேட்டறிந்து, தொட்டியிலேயே வளர்த்துப் பிரித்த துண்டுகளை மட்டும் பெறுங்கள்.

வரலாறும் இதையே எச்சரிக்கிறது. பிலிப் கொஸ் என்னும் இயற்கை ஆய்வாளர் 1854 இல் வெளியிட்ட நூல் இங்கிலாந்தில் கடல்நீர்த் தொட்டிகள் மீது பெரும் மோகத்தை உண்டாக்கிற்று. கூட்டங்கூட்டமாகச் சென்றோர் கரையோரப் பாறைக்குட்டைகளை வெறுமையாக்கினர். அவருடைய மகன் எட்மண்ட் கொஸ் 1907 இல் வெளியிட்ட நூலில் அதை எண்ணி வருந்தினார். அன்பினால் செய்த பணியும் நிதானமின்றேல் அழிவாகும் அன்றோ!

எங்கள் தொட்டியை மீண்டும் அமைத்தபோது, சோதனைக் குறிப்பேட்டை முன்பு என்னைத் தடுத்த அந்த மாணவனிடமே ஒப்படைத்தேன். அவன் “ஆயத்தம்” என்று எழுதும் வரை எவரும் தொட்டியில் கை வைப்பதில்லை என்பது விதி. அதிபரும் அதற்கு விலக்கல்லர். ஆறு கிழமைகள் கழிந்து அவன் எழுதினான். அன்று வைத்த காளான் முருகை இன்று ஒரு கல்லையே மூடி விரிந்திருக்கிறது.