வாசல் எங்கட கையில: வெளிநாட்டுத் தலையீடு பற்றி எமது தொகுதிக் கூட்டத்தில் ஆற்றிய உரை

(எமது தொகுதிச் சங்கத்தின் தமிழ் அங்கத்தவர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறவுகளுக்காகப் பேசிய நடையிலேயே தருகிறோம். வாசித்துப் பகிருங்கள்.)



வேலை முடிஞ்ச கையோட, இந்தக் குளிருக்குள்ளும் வந்திருக்கிறியள். நன்றி. தேத்தண்ணியும் ரோல்ஸும் பின்னால இருக்கு. அதுக்கு முதல் ஒரு பதினைஞ்சு நிமிசம் தாங்கோ.

எங்கள் தொகுதியில் வேட்பாளர் நியமனம் வரப்போகிறது. அங்கத்துவப் படிவம் நிரப்புகிற வேலை தொடங்கப்போகிறது. அதனால்தான் இன்றைக்கு இதைக் கதைக்க வேணும் என்று கேட்டு வாங்கினேன்.

கனடாவின் தேர்தல்களில் வெளிநாட்டு அரசுகள் தலையிட்டனவா என்று நாடாளுமன்றக் குழு விசாரித்தது உங்களுக்குத் தெரியும். 2022 இலையுதிர் காலத்தில், நடைமுறை மற்றும் சபை அலுவல்களுக்கான நிலையியற் குழு அந்த ஆய்வைத் தொடங்கியது. பெயரைக் கேட்டால் நித்திரை வரும். ஆனால் அந்த அறையில் நடந்தது நித்திரை வாற அலுவல் இல்லை.

ஒரு உதாரணம் மட்டும் சொல்லுறன். மைக்கல் சோங் என்று ஒரு கன்சவேட்டிவ் எம்பி. தகப்பன் ஹொங்கொங்கில் இருந்து வந்தவர். உய்குர் மக்களுக்குச் சீனா செய்வது இனப்படுகொலை என்று சொல்லும் தீர்மானத்தை 2021 பெப்ரவரியில் அவர்தான் கொண்டுவந்தார். 266 பேர் ஆதரவு. எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. அடுத்த மாதமே சீனா அவர் மேல் தடை போட்டது. அது பகிரங்கமாக நடந்தது. பகிரங்கமில்லாமல் நடந்தது வேற: ஹொங்கொங்கில் இருக்கும் அவருடைய உறவினர்களைப் பற்றிய தகவல்களைத் தேடியிருக்கிறார்கள். அது எங்கள் உளவுத்துறைக்கு 2021 இலேயே தெரிந்திருக்கிறது. சோங்குக்கு எப்ப தெரியும்? 2023 மே மாதம், பேப்பரில் பார்த்துத்தான்.

இரண்டு வருசம்! அரசாங்கத்தின் மேல் மட்டத்துக்குக் குறிப்பு போயிருக்கிறது. பாதிக்கப்பட்ட மனிசனுக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. சபையின் சிறப்புரிமை மீறப்பட்டதா என்ற கேள்வியைச் சபை அந்தக் குழுவிடமே கொடுத்தது. சோங் வந்து சாட்சி சொன்னார். மூடின கதவுக்குப் பின்னால் இருந்த கடதாசி எந்த மேசையில் கிடந்தது, யார் வாசித்தது, யார் வாசிக்கவில்லை என்று அதிகாரிகளும் அமைச்சர்களும் எல்லாருக்கும் முன்னால் பதில் சொல்ல வேண்டி வந்தது. சீனா எல்லாவற்றையும் மறுத்தது. ஆனாலும் ரொறொன்ரோவில் இருந்த ஒரு சீனத் துணைத்தூதரக அதிகாரி அதே மே மாதம் வெளியேற்றப்பட்டார்.

குழு சுகமாகவா வேலை செய்தது? இல்லை. 2023 மார்ச்சில் பிரதமரின் தலைமை அதிகாரியைச் சாட்சிக்குக் கூப்பிட வேணும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டபோது, அன்றைய ஆளுங்கட்சி உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடக்கவிடாமல் மணித்தியாலக் கணக்காகப் பேசிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அவர் ஏப்ரலில் வந்து சாட்சி சொன்னார். விசேட அறிக்கையாளராக டேவிட் ஜோன்ஸ்டனை நியமித்தார்கள். பகிரங்க விசாரணை தேவையில்லை என்றார் அவர். சபை ஏற்கவில்லை, அவரைப் பதவி விலகச் சொல்லித் தீர்மானம் போட்டது. அவர் ஜூனில் விலகினார். செப்டம்பரில் நீதிபதி மரி ஜோசே ஓக் தலைமையில் பொது விசாரணை ஆணைக்குழு வந்தது. குழுவில் இருந்த எதிர்க்கட்சிகள் விடாமல் கேட்டதால்தான் அது வந்தது.

ஓக் அம்மையார் என்ன சொன்னார்? 2019, 2021 இரண்டு தேர்தலிலும் தலையீடு நடந்திருக்கிறது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தது என்பதை அது மாற்றவில்லை. ஒரு சில தொகுதிகளில் முடிவைப் பாதித்திருக்கலாம். 2025 ஜனவரியில் வந்த கடைசி அறிக்கையில் 51 பரிந்துரைகள். நாடாளுமன்றத்துக்குள் துரோகிகள் கூட்டம் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் அதில் எழுதினார். இதையும் கேட்டுக்கொள்ளுங்கோ, ஏனென்றால் எங்கட வட்ஸ்அப்பில் "துரோகி எம்பிக்கள் பட்டியல்" என்று ஒன்று சுத்தினால் உங்களில் நாலு பேர் அதை அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடுவியள். ஜனநாயகத்துக்கு மிகப்பெரிய ஆபத்து பொய்த் தகவல்தான் என்று சொன்னதும் அதே அறிக்கைதான்.

இனி எங்கட வீட்டு அலுவலுக்கு வாறன்.

இந்த விசாரணைகள் எல்லாம் கடைசியில் ஒரு வாசலில் வந்து நிற்கின்றன. பொதுத் தேர்தல் நாளன்று வாக்குச்சாவடியில் திருடுவது கஷ்டம். கடதாசி வாக்கு, கையால் எண்ணுவது, எல்லாக் கட்சி ஆக்களும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஆனால் அதுக்கு முதல் நடக்கிற வேட்பாளர் நியமனம் கட்சியின் உள்வீட்டு அலுவல். தேர்தல் திணைக்களம் அதில் பணக்கணக்கைப் பார்க்கும்; யார் வாக்குப் போடலாம் என்று முடிவெடுப்பது கட்சி. ஒரு கட்சி வழமையாக வெல்லும் தொகுதியில் நியமனத்தை வென்றவர்தான் எம்பி. சில நூறு அங்கத்தவர் போதும், அலுவல் முடிஞ்சுது.

2019 இல் டொன் வலி நோர்த்தில் நடந்த லிபரல் நியமனத்தைப் பாருங்கோ. வெளிநாட்டு மாணவர்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுவந்தார்கள். பின்னால் சீனத் துணைத்தூதரகத்தின் கை இருந்தது, வீசாவைக் காட்டி மாணவர்களை மிரட்டியிருக்கலாம் என்று உளவுத் தகவல்கள் சொன்னதாக ஆணைக்குழுவில் வந்தது. அந்த வேட்பாளர் தான் தவறு செய்யவில்லை என்றார். தகவல் முழுக்க நிரூபிக்கப்பட்டது என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கட்சியின் விதியில் வாக்குப் போடக் குடியுரிமை தேவையில்லை, 14 வயது போதும் என்று இருந்தது உண்மை. வாசல் திறந்து கிடந்தது.

கன்சவேட்டிவ் ஆக்கள் சிரிக்க வேண்டாம். அவர்களுடைய தலைமைப் போட்டிகளிலும் சீனா, இந்தியா தலையிட்டதாகக் குற்றச்சாட்டுகள் இருப்பதை, நாடாளுமன்ற உறுப்பினர்கள் கொண்ட தேசியப் பாதுகாப்பு, புலனாய்வுக் குழு 2024 ஜூனில் எழுதியது. இந்தியா மறுக்கிறது. நாங்களும் சிரிக்கக் கூடாது. எங்கட கட்சிக் கதவு மட்டும் இரும்பால் செய்ததோ?

ஒரு உண்மையைச் சொல்லுறன். கன வருசத்துக்கு முதல், வேறொரு தொகுதியில், வேறொரு கட்சியின் நியமனத்துக்கு நானும் ஒரு வான் நிறைய ஆக்களை ஏத்திக்கொண்டு போனனான். "எங்கட பெடியன் நிக்கிறான், வாங்கோ" என்றார்கள். போனோம். படிவத்துக் காசை யார் கட்டினது என்று நான் கேட்கவில்லை. வானில் இருந்த இரண்டு அம்மாமாருக்கு எந்தக் கட்சி என்றே தெரியாது. எனக்குத் தெரிந்தவரை அதில் வெளிநாட்டுக் கை எதுவும் இல்லை. ஆனால் இருந்திருந்தால்? எனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? கேள்வி கேட்காமல் வானை ஓட்டுற ஆள்தானே அவர்களுக்கும் தேவை.

இதைச் சொன்னவுடன் சிலர் பயப்படுவியள். "அப்ப நாங்கள் கூட்டமாகச் சேர்ந்து வாக்குப் போட்டால் குற்றமா? ஊர்ப் பிரச்சினையைப் பற்றி எம்பியோட கதைக்கக் கூடாதா?" என்று. வடிவாகக் கேளுங்கோ: அது குற்றம் இல்லை. அது எங்கட உரிமை.

2022 மே 18 அன்று கனேடிய நாடாளுமன்றம் மே 18 ஐத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாக ஏகமனதாக ஏற்றது. அது எப்படி வந்தது? இந்த நாட்டுப் பிரஜைகள், தங்கள் சொந்தப் பெயரில், தங்கள் எம்பிமாரிடம் போய்க் கேட்டு வந்தது. இலங்கை அரசு அதைப் பகிரங்கமாக எதிர்த்தது. எங்களுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் பெயர் போட்டு, கையெழுத்துப் போட்டு எதிர்ப்பது இராஜதந்திரம். ஒளிச்சு நின்று காசு கொடுப்பதும், ஆளை மிரட்டுவதும், பொய்யைப் பரப்புவதும்தான் தலையீடு. சாதியையோ மொழியையோ முகத்தையோ பார்த்து யாரையும் சந்தேகப்படுவது இதில் வராது. முதல் அடி வாங்குவதே புலம்பெயர்ந்த ஆக்கள்தான்.

கெனி சியூவை எடுங்கோ. ஹொங்கொங்கில் பிறந்தவர், ரிச்மண்ட் பக்கத்து எம்பி. வெளிநாட்டு அரசுக்காக வேலை செய்பவர்கள் பதிவு செய்ய வேணும் என்று 2021 இல் சட்டமூலம் கொண்டுவந்தார். சீன மொழிச் செயலிகளில் அவர் தன் சொந்தச் சனத்துக்கே எதிரி என்று கதை பரவியது. அந்தத் தேர்தலில் தோற்றார். அதனால்தான் தோற்றார் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. இருக்கக்கூடும் என்று ஆணைக்குழு சொன்னது. அவர் கேட்டது போன்ற ஒரு பதிவேட்டுக்கான சட்டம், சீ-70, 2024 ஜூனில் எல்லாக் கட்சி ஆதரவோடும் நிறைவேறியது. வெளிநாட்டு அரசுக்காக ஒளிச்சு நின்று கட்சி நியமனத்தில் கை வைத்தால் இப்போது ஆயுள் சிறை வரை போகலாம்.

ஊரில் அம்மா தனிய இருக்கேக்க, இரவு பன்னிரண்டுக்கு ஒரு கோல் வந்தால் நெஞ்சு எப்படி அடிக்கும் என்று இங்க இருக்கிற ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சோங்கின் கதையை வாசித்தபோது எனக்கு அரசியல் ஞாபகம் வரவில்லை. அந்த கோல்தான் ஞாபகம் வந்தது. அந்தப் பயத்தை வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். அதனால்தான் பாதிக்கப்பட்டவருக்கு உடனே சொல்ல வேணும் என்று நாங்கள் நிற்கிறோம். எம்பிக்கு மட்டும் இல்லை, பலசரக்குக் கடை வைத்திருக்கிற அண்ணைக்கும்தான்.

இந்த நியமனத்தில் எங்கட தொகுதிச் சங்கம் செய்யப்போவதைச் சொல்லி முடிக்கிறேன்.

✔ அங்கத்துவக் காசை அவரவரே கட்ட வேணும். கட்டாகப் படிவமும் கட்டாகக் காசும் கொண்டு வந்தால் வாங்க மாட்டோம், எவ்வளவு வேண்டிய ஆள் என்றாலும்.

✔ படிவம் நிரப்புகிற ஒவ்வொருவரோடும் எங்கட ஆள் ஒருவர் நேரடியாகக் கதைப்பார், தமிழிலேயே. எந்தக் கட்சி, எந்த வேட்பாளர், ஏன் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேணும்.

✔ யாராவது மிரட்டினால், வீசாவையோ ஊர்ச் சொந்தத்தையோ காட்டி வெருட்டினால், எங்களிடம் சொல்லுங்கோ. பொலிசுக்குப் போக உங்களோட கூட வருவோம். பெயர் வெளியில் வராது.

இதால் எங்களுக்கு அங்கத்தவர் தொகை குறையலாம். மற்றவர் அறுநூறு பேரைக் கொண்டுவர, நாங்கள் இருநூறோட நிற்கலாம். தோற்றாலும் பரவாயில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தோற்றால் எனக்கு நோகும். ஆனால் ஒட்டாவாவில் அமைச்சரைக் கேட்ட அதே கேள்வியை, யார் காசு, யாருக்குத் தெரியும், ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியை, நாளைக்கு எங்களைக் கேட்டால் நாங்கள் பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேணும்.

குழு தன்ர வேலையைச் செய்தது. இனி வாசலைக் காக்கிறது எங்கட வேலை.

வாங்கோ, தேத்தண்ணி ஆறுது.

#எங்கள்வாக்கு_எங்கள்குரல் #வெளிநாட்டுத்தலையீடு #தொகுதிக்கூட்டம்