நீலப்புல் நாட்டுக் குதிரைகளும் அவற்றை வளர்த்த கைகளும்

(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



குதிரைப் பந்தயத்தைப் பற்றி இச்சபையில் பேசுவானேன் என்று சிலர் வியக்கக் கூடும். பணயம் வைத்துக் குடி கெட்டவர்களை யாம் அறிவோம். அவ்வழக்கத்தைப் புகழ யாம் வரவில்லை. ஒரு நாட்டுப்புறம் தன் பழம்பெருமையைப் பிறருக்குக் காட்டி ஜீவிக்கும்போது, எதனைக் காட்டுகிறது, எதனை மறைக்கிறது என்பதே எமது விஷயம்.

அமெரிக்காவிலே கென்டக்கி ராஜ்யத்தில் லெக்ஸிங்டன் நகரைச் சூழ்ந்த பிரதேசத்துக்கு நீலப்புல் நாடு என்று பெயர். சுண்ணாம்புக்கல் நிலத்தில் விளையும் அப்புல் குதிரைக்கு எலும்புறுதி தரும் என்பர் அந்நாட்டார். அங்குள்ள கல்வேலிகளையும், புற்றரைகளையும், லாயங்களையும் காணத் தேசாந்தரங்களிலிருந்தும் பிரயாணிகள் வருகின்றனர். 1936ல் தொடங்கிய கீன்லாண்டுப் பந்தயத் திடலும், 1978ல் திறக்கப்பெற்ற குதிரைப் பூங்காவும் அவர்களை ஈர்க்கின்றன. விடுதிக்காரர் முதல் லாடம் அடிப்போர் வரை பலருக்கு இதனால் பிழைப்பு.

இப்பெருமையை உண்டாக்கியவர் யார்? லூயிவில் நகரில் 1875ல் முதல் கென்டக்கி டெர்பி நடந்தபோது, சவாரி செய்த 15 பேரில் 13 பேர் கறுப்பர். வென்ற ஆலிவர் லூயிஸும் கறுப்பரே. அவர் ஏறிய அரிஸ்டைடீஸ் என்னும் குதிரையைப் பழக்கிய ஆன்ஸல் வில்லியம்ஸன் அடிமையாய்ப் பிறந்தவர். ஐசக் மர்பி 1884, 1890, 1891 ஆகிய ஆண்டுகளில் மும்முறை வென்றார். ஜிம்மி விங்க்ஃபீல்ட் 1901லும் 1902லும் வென்றார். பணமும் கீர்த்தியும் பெருகவே, நிறவேற்றுமை பாராட்டியோர் இவர்களைத் திடலினின்று விலக்கினர். அதன்பின் நூறாண்டு கழிந்தும் கறுப்பர் ஒருவர் டெர்பியில் வென்றதில்லை. விங்க்ஃபீல்ட் 1961ல் விருந்தினராக லூயிவிலுக்கு வந்தபோது, விடுதியின் முன்வாயிலிலேயே தடுக்கப்பட்டார். அவரது வெற்றி வேண்டியிருந்தது, அவர் வேண்டியிருக்கவில்லை!

மேன் ஓ' வார் என்னும் குதிரை 21 பந்தயங்களில் 20ல் வென்றது. ஓட்டம் நின்றபின் அதனைக் காணப் பண்ணைக்குத் திரளாக ஜனங்கள் வந்தனர். அவர்களுக்கு அதன் சரித்திரத்தை எடுத்துச் சொன்னவர் வில் ஹார்பட் என்னும் கறுப்பர். லாயத்தில் அதனைப் பேணியவரும் அவரே. குதிரையைக் காண வந்தோர் அவர் பேச்சைக் கேட்கவும் காத்து நின்றனர். இருவரும் 1947ஆம் ஆண்டிலேயே மறைந்தனர்.

1896ல் இறந்த மர்பியின் கதை இன்னும் உருக்கமானது. அவரைப் புதைத்த இடம் நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தது. பின்னர் தேடிக் கண்டுபிடித்து, 1967ல் அவர் உடலை மேன் ஓ' வாரின் சமாதிக்கு அருகே அடக்கம் செய்தனர். இன்று குதிரையும் சவாரி வீரரும் பூங்காவில் அருகருகே துயில்கின்றனர். குதிரையின் சமாதியை ஒருவரும் மறக்கவில்லை. மனிதரின் சமாதியையோ தேட வேண்டியிருந்தது.

சகோதரர்களே! இது அயல்நாட்டுக் கதை என்று எழுந்து போய்விடலாகாது. கோயிலையும் கோட்டையையும் திருவிழாவையும் காட்டுகிற எவ்வூரிலும், கல் சுமந்தவர், குளம் வெட்டியவர், மாடு குதிரை மேய்த்தவர் பெயர் எங்கே என்று கேட்பது நம் கடமை. நம் முன்னோரை மாத்திரமன்று, எவருடைய முன்னோரையும் கருதி இதனைக் கேட்டல் வேண்டும். ஒவ்வொரு வீட்டாரும் முதியோர் உள்ளபோதே அவர்கள் செய்த தொழிலையும், அவர்கள் அறிந்த பெயர்களையும் கேட்டு எழுதி வைப்பார்களாக. எழுதாத பெயரைப் பின்னால் வருவோர் மண்ணைத் தோண்டித்தான் தேட நேரும்.