நிற்கும் வண்டிக்கும் பசிக்கும்: பேட்டரி சார்ஜர் வாங்குவதற்கு முன் ஒரு பேச்சு



கைப்பேசியில் சார்ஜ் 20 சதவீதத்துக்குக் கீழே போனாலே நமக்குக் கை பரபரக்கும். ஆனால் கொட்டகையில் இரண்டு மூன்று மாதமாக நிற்கும் டிராக்டரின் பேட்டரியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது சதவீதம் காட்டாது, சத்தமும் போடாது. வேலைக்குக் கிளம்புகிற அன்று சாவியைத் திருப்பினால் 'டக்... டக்...' என்று மட்டும் சொல்லும். அவ்வளவுதான், அன்றைய பொழுது போச்சு.

டெல்டா மாவட்டங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். சம்பா அறுவடை ஜனவரி, பிப்ரவரியில் முடியும். குறுவைக்காக மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. இந்த இடைவெளியில் பல டிராக்டர்களுக்கு வேலை குறைவு. தண்ணீர் வந்ததும் ஊரில் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் உழவு வேண்டும். அந்த வாரத்தில் வண்டி கிளம்பாவிட்டால் வைத்திருப்பவருக்கு வாடகை போகும், காத்திருப்பவருக்கு நடவு தள்ளிப்போகும். பேட்டரியும் உயிர் விட்டிருந்தால் பல ஆயிரம் ரூபாய் தனிச் செலவு. இதைத் தடுக்கிற கருவி சார்ஜர். ஆனால் தப்பான சார்ஜர் வாங்கினால் அதுவே பேட்டரியைக் கொன்றுவிடும். அதனால் கடைக்குப் போவதற்கு முன்னால் கொஞ்சம் பேசிக்கொள்வோம்.

நிற்கிற வண்டியில் பேட்டரி ஏன் இறங்குகிறது?

வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் ஈய-அமில பேட்டரி. ஒன்றும் இணைக்காமல் வைத்தாலும் அது உள்ளுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வெப்பம் ஏற ஏற இது வேகமெடுக்கும். 10 டிகிரி செல்சியஸ் கூடினால் இறங்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் என்ன நடக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். இதோடு கடிகாரம், அலாரம், ஜி.பி.எஸ். கருவி போன்றவை வண்டி அணைந்திருக்கும்போதும் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டே இருக்கும்.

இறங்கிய பேட்டரியை அப்படியே விட்டால் உள்ளே இருக்கும் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து கெட்டிப்படும். அதன் பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. பேட்டரி சீக்கிரம் போவதற்கு இது பெரிய காரணம்.

முதலில் ஒரு மல்டிமீட்டர்

சார்ஜருக்கு முன்னால் சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். வண்டியை அணைத்துச் சில மணி நேரம் கழித்து, பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரியில் 12.6 அல்லது அதற்கு மேல் காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால்வாசி. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. 12.4-க்குக் கீழே போக விடாமல் பார்த்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

வண்டியை அடிக்கடி நல்ல தூரம் ஓட்டுபவரா நீங்கள்? அளவும் சரியாக இருக்கிறதா? அப்படியானால் உங்களுக்கு சார்ஜர் அவசியமே இல்லை. காசை மிச்சம் பிடியுங்கள். பத்து நிமிடம் சும்மா ஓடவிட்டு அணைத்தால் போதும் என்று மட்டும் நினைக்காதீங்க. ஸ்டார்ட் செய்யச் செலவானதுகூட முழுசாகத் திரும்பி ஏறியிருக்காது.

சார்ஜர் வேறு, மெயின்டெய்னர் வேறு

கடையில் மூன்று வகை பார்ப்பீர்கள்.

முதல் வகை, பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர். கனமாக இருக்கும், விலை குறைவு. பேட்டரி நிறைந்தாலும் தானாக நிற்காது. நேரம் பார்த்து நீங்கள்தான் பிடுங்க வேண்டும். இரவு போட்டுவிட்டுத் தூங்கினால் தண்ணீர் கொதித்து வற்றி, தகடு கெட்டுவிடும்.

இரண்டாவது வகை, ஸ்மார்ட் சார்ஜர். முதலில் வேகமாக ஏற்றும். சுமார் 14.4 வோல்ட் வந்ததும் மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைக்கும். நிறைந்த பிறகு 13.5 முதல் 13.8 வோல்ட் வரை இறக்கிக் காவல் நிலைக்குப் போகும், அல்லது நின்றுவிடும்.

மூன்றாவது வகை, மெயின்டெய்னர். பெரும்பாலும் 1 ஆம்பியர் அளவில்தான் தரும். ஏற்கெனவே நிறைந்த பேட்டரியை மாதக்கணக்கில் அப்படியே காத்து வைப்பதுதான் இதன் வேலை. செத்த டிராக்டர் பேட்டரியை எழுப்ப இதை நம்பினால் நாள்கணக்கில் காத்திருக்கணும்.

'டிரிக்கிள் சார்ஜர்' என்று எழுதியிருந்தால் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நிறைந்ததும் இது தானாகக் குறைக்குமா?" இல்லை என்றால், அது மாதக்கணக்கில் மாட்டி வைக்க ஏற்றதல்ல.

எத்தனை ஆம்பியர்?

பேட்டரியின் மேல் ஏ.எச். என்று ஓர் எண் இருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் என்பது பாதுகாப்பான கணக்கு. 5 ஏ.எச். பைக் பேட்டரிக்கு அரை ஆம்பியர். 40 ஏ.எச். கார் பேட்டரிக்கு 4 ஆம்பியர். 88 ஏ.எச். டிராக்டர் பேட்டரிக்கு 8 முதல் 9 ஆம்பியர். பாதி இறங்கிய 88 ஏ.எச். பேட்டரியை 8 ஆம்பியரில் போட்டால் ஏழெட்டு மணி நேரம் ஆகும். கடைசிப் பகுதி மெதுவாகத்தான் ஏறும். கரண்ட் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். முழுக்கக் காலியான அந்தப் பேட்டரியை நிரப்பவே ஏறக்குறைய ஒன்றரை யூனிட்தான்.

வீட்டில் பைக்கும் டிராக்டரும் இருந்தால், ஆம்பியரை மாற்றும் வசதி உள்ள ஒரே சார்ஜர் போதும். டிராக்டர் அளவில் வைத்து பைக் பேட்டரியை மாட்டிவிடாதீங்க. அதேபோல, பெரிய பேட்டரிக்காகச் செய்யப்பட்ட வீட்டு இன்வெர்ட்டரில் பைக் பேட்டரியை மாட்டுவதும் ஆபத்து.

எந்த வகை பேட்டரி?

மூடியைத் திறந்து டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றும் சாதாரண வகை, மூடி முத்திரையிட்ட வகை, ஏ.ஜி.எம்., ஜெல், லித்தியம் எனப் பல உண்டு. ஜெல் பேட்டரி அதிக வோல்ட்டைத் தாங்காது. லித்தியத்துக்கு அதற்கென்றே உள்ள சார்ஜர் அல்லது தேர்வு வசதி வேண்டும். மின்சார ஸ்கூட்டருக்கு அதோடு வந்த சார்ஜரைத் தவிர வேறெதுவும் வேண்டாம். லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரியைச் சேர்த்து 24 வோல்ட்டாக வைத்திருப்பார்கள். அதற்கு 24 வோல்ட் சார்ஜர் வேண்டும். குழப்பமே வேண்டாம் என்றால், பேட்டரி லேபிளைக் கைப்பேசியில் படம் எடுத்துக் கடையில் காட்டுங்கள்.

நம்ம ஊருக்கு ஏற்ற கேள்விகள்

பெட்டியில் எழுதியிருப்பதைத் தாண்டி, இவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

• கரண்ட் போய் வந்தால் தானாக வேலையைத் தொடருமா, இல்லை மறுபடி பொத்தானை அமுக்கணுமா? சில கருவிகள் கரண்ட் வந்ததும் சும்மா விழித்துக்கொண்டு நிற்கும். நீங்கள் சார்ஜ் ஏறுகிறது என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள்.

• குறைந்த வோல்டேஜிலும் வேலை செய்யுமா? பெட்டியில் உள்ளீட்டு வோல்டேஜ் அளவைப் பாருங்கள்.

• வெப்பத்துக்கு ஏற்ப வோல்ட்டைக் குறைத்துக்கொள்ளுமா? கோடையில் இது பேட்டரியின் ஆயுளைக் காப்பாற்றும்.

• கிளிப்பை மாற்றி மாட்டினால் தாங்குமா? ஷார்ட் ஆனால் நிற்குமா?

• ரொம்ப இறங்கிய பேட்டரியை அடையாளம் காணுமா? பல ஸ்மார்ட் சார்ஜர்கள் அப்படிப்பட்ட பேட்டரியைக் கண்டால் வேலையையே தொடங்காது.

கொட்டகையில் கரண்ட் இல்லையா? சிறிய சூரியத் தகடு ஒன்று காவல் வேலைக்குப் போதும். ஆனால் தகட்டை நேராகப் பேட்டரியில் மாட்டாமல், நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் வைக்கணும். செலவே வேண்டாம் என்பவர்கள், வண்டியை நீண்ட நாள் நிறுத்தும்போது நெகட்டிவ் முனையைக் கழற்றி வைக்கலாம். பேட்டரி தானாக இறங்குவது அப்போதும் நிற்காது என்பதால், மாதம் ஒருமுறை அளந்து தேவைப்பட்டால் சார்ஜ் போடுங்கள். கைப்பேசியில் மாதாந்திர நினைவூட்டல் ஒன்று வைத்தால் மறக்காது.

மாட்டும்போது கவனம்

சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். ஒரு பொறி போதும், வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கும். எனவே காற்றோட்டமான இடம், கண்ணாடி, கையுறை கட்டாயம். பக்கத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடவே கூடாது. குழந்தைகள் தள்ளி நிற்கட்டும்.

வரிசை இதுதான். சார்ஜரின் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். முதலில் சிவப்பு கிளிப் பாசிட்டிவ் முனையில். அடுத்து கறுப்பு கிளிப், பேட்டரியிலிருந்து தள்ளி, வண்டியின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில். கடைசியில் சுவிட்ச். கழற்றும்போது தலைகீழ்: முதலில் சுவிட்ச், பிறகு கறுப்பு, பிறகு சிவப்பு. நெகட்டிவ் பாடியோடு இணைந்த வண்டிகளுக்கான முறை இது. உங்கள் வண்டிக் கையேட்டில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். அமிலம் வேண்டாம், குழாய்த் தண்ணீரும் வேண்டாம். உடம்பில் அமிலம் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப ஏற்பாடு செய்யுங்கள், 108-ஐ அழையுங்கள். பேட்டரி உப்பியிருந்தாலோ விரிசல் இருந்தாலோ சார்ஜே போடக் கூடாது.

பில் உங்கள் பலம்

ஜி.எஸ்.டி. பில், தேதியும் முத்திரையும் போட்ட வாரன்டி அட்டை, இரண்டையும் வாங்கி அங்கேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதன் உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டு உண்மையா என்று அங்கேயே சரிபார்க்கலாம்.

பொருள் பழுதாகி, கடைக்காரர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதிலும் தீராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலும் நீங்களே வாதாடலாம்.

பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள், அமிலத்தை வாய்க்காலில் கொட்டாதீர்கள். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-இன்படி அதைத் தனியே பிரித்து, சேகரிப்பவரிடமோ மறுசுழற்சி செய்பவரிடமோதான் கொடுக்க வேண்டும். புதுசு வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். எவ்வளவு கழித்தார்கள் என்பதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

இதைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வண்டிப் பேட்டரியின் லேபிளைப் படம் எடுத்து, ஏ.எச். எண்ணையும் வாங்கிய தேதியையும் பாருங்கள். கடையில் என்ன கேட்கணும் என்பது அப்போதே பாதி தெரிந்துவிடும்.